கயிறு நழுவிய சத்தம்

சிப்பித்துறைக்குச் சுதந்திரம் வந்த மூன்றாம் நாள் காலையில், மதராஸிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பத்திரிகைக் கட்டு கத்திக்கொண்டே வந்திறங்கியது. வழிநெடுகக் கத்தியிருக்கிறது. கண்டக்டர் அதை முதலில் தன் சீட்டுக்கடியில் வைத்துப் பார்த்து, அப்புறம் கடைசி வரிசைக்குத் தள்ளிப் பார்த்து, திண்டிவனம் தாண்டியதும் பொறுக்கமாட்டாமல் பஸ் கூரைமேல் கோழிக்கூடைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஊர் வந்தபோது கோழிகளெல்லாம் வாயடைத்துப்போயிருந்தன. ஏஜெண்டு கட்டைப் பிரித்தார். முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு போட்டோ. நகரசபைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஓர் இளைஞன் கயிற்றை இழுத்து இந்தியக் கொடியை ஏற்றிக்கொண்டிருக்கிறான், கீழே மைதானம் நிறைய ஜனங்கள் அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்திருக்கிறார்கள், திறந்த அந்த வாய்களிலிருந்தெல்லாம் "வாழ்க! வாழ்க!" என்று சத்தம் வந்துகொண்டிருந்தது, காகிதத்திலிருந்து, மையிலிருந்து, நிற்காமல்.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இங்கிலீஷ்காரனிடமிருந்து விடுபட்டு ஏழு வருஷம் ஆனபிறகும் பிரெஞ்சுக்காரன் கையில் மாட்டிக்கொண்டிருந்த துண்டு ஊர் அது. அவனே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான் என்றால் அதைவிட ஆச்சரியம் என்ன இருக்கிறது? "ரேடியோ பேசுது, கிராமபோன் தட்டு பாடுது, போட்டோ கத்துனா மட்டும் குடி முழுகிடுமா?" என்று டீக்கடை நமச்சிவாயம் சொன்னார். சொல்லிவிட்டு, போட்டோ உள்பக்கம் வரும்படி பத்திரிகையை மடித்தால் சத்தம் அடங்குகிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். அதற்கப்புறம் ஊர் அதோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது. அந்தப் பத்திரிகையில் வடை கட்டிக்கொண்டு போனவர்கள் வீட்டில் பிரித்ததும் வடை "வாழ்க" என்றது. மீன்காரிகள் அதைக் கூடைமேல் விரித்து வைத்துக்கொண்டு தாங்கள் கூவாமலே தெருத்தெருவாக விற்றுவந்தார்கள். மாதாகோவில் பாதர், பூசை நேரத்தில் பத்திரிகையைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வரச்சொன்னார். பள்ளிக்கூடத்து வாத்தியார் தூங்கி வழிகிற பிள்ளைகளின் காதோரம் அதை விரித்துக் காட்டினார். இத்தனை கூச்சலிலும் தொட்டில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கியதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அவரவர் தத்தம் குரலைத் தேடிக் காதை வைத்துக் கேட்டார்கள். "இதோ பாரு, மூணாவது வாழ்க என்னோடது" என்று புருஷன் சொல்ல, "அது பக்கத்து வீட்டுக்காரரு, உங்களுக்கேது அவ்வளவு தொண்டை" என்று பெண்சாதி சொல்ல, வீட்டுக்கு வீடு சண்டை. விடுதலைக் கமிட்டி, தியாகிகள் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது பெயர் கொடுக்க வந்தவர்களையெல்லாம் போட்டோவின் முன்னால் நிறுத்தி அவரவர் குரலை அடையாளம் காட்டச் சொன்னது. அன்று முழுவதும் நெல் குதிருக்குள் ஒளிந்திருந்த மண்டிக்கடை முதலாளி எட்டு சாட்சிகளோடு வந்தார். போட்டோவில் அவர் குரல் இல்லை. அன்றைக்குத் தனக்குத் தொண்டைக்கட்டு என்று சொல்லி, அதற்கு வைத்தியர் சீட்டும் கொண்டுவந்து கொடுத்து, பட்டியலில் ஏழாவதாகச் சேர்ந்துகொண்டார். சுதந்திரம் என்றால் எல்லாருக்கும்தானே.

இந்தக் கூத்துகளில் சேராமல் இருந்தவர் ஊரில் ஒருவர்தான். அவர்தான் அந்தப் போட்டோவை எடுத்தவர்.

இராயப்பனுக்கு நாற்பது வயது. சந்தைத் தெருவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. கல்யாணப் போட்டோ, மாதாகோவில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குகிற போட்டோ, செத்தவர்களுக்குப் பட்டு உடுத்தி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுக்கிற போட்டோ, இதெல்லாம்தான் பிழைப்பு. ஆனால் மனசெல்லாம் மதராஸ் பத்திரிகைக்கு அனுப்புகிற செய்திப் படங்களில்தான் இருந்தது. புயலடித்தால், மில்லில் வேலைநிறுத்தம் என்றால், காமிராவை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடுவார். பத்து வருஷம் இப்படி ஓடியவருக்கு, தேசமே பார்க்கும்படி முதல் பக்கத்தில் பாதிக்கு ஒரு படம் வந்திருக்கிறது. அவரோ அந்தப் பத்திரிகையைக் கையால்கூடத் தொடவில்லை.

அன்று நடந்தது இதுதான். ஊர்வலம் மைதானத்துக்கு வந்து, சிப்பாய்கள் வழிவிட்டு, பிரெஞ்சுக் கொடி இறங்கி, கோதண்டம் என்கிற மில் தொழிலாளிப் பையன் தனியாக மொட்டைமாடிக்கு ஏறினான். பக்கத்துக் கிடங்கின் மூங்கில் ஏணி வழியாக இராயப்பனும் அதே மாடிக்கு ஏறிவிட்டார். பன்னிரண்டு படத்துக்கு ஒரு ரோல். ஊர்வலத்தைக் கண்ட சந்தோஷத்தில் பன்னிரண்டையும் தெருவிலேயே தீர்த்திருந்தார். முடிந்த ரோலை உருவி, அதன் காகித வாலை நாக்கால் நக்கி ஒட்டி, புதுசைப் பொருத்திக் காமிராவை மூடிவிட்டு நிமிர்ந்தால், கொடி உச்சியில் பறந்துகொண்டிருக்கிறது. வரலாறு, அவர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது. அவர் கோதண்டத்தைக் கெஞ்சினார். அவன் சிரித்துக்கொண்டே கொடியை இறக்கி மறுபடி ஏற்றினான். அவர் படம் எடுத்தார். எடுத்த மறுநொடி எங்கிருந்தோ ஒரு துப்பாக்கி ஒரே ஒரு தரம் வெடித்தது, கோதண்டம் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்தான், அப்புறம் படுத்தான். எந்தச் சிப்பாய், யார் உத்தரவு, பதற்றத்தில் விரல் பட்டதா, எதுவும் கடைசிவரைக்கும் தெரியவில்லை. சுதந்திரத்துக்காக ஊரில் போன ஒரே உயிர் அதுதான்.

கீழே இருந்தவர்களுக்கு மேலே பேசியது கேட்கவில்லை. ஏறிய கொடி இறங்கியதைப் பார்த்தார்கள், மறுபடி ஏறியதைப் பார்த்தார்கள். கயிறு நழுவிவிட்டது என்று எவனோ சொன்னான். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் அதுதான் பேச்சு: கயிறு மட்டும் நழுவாமல் இருந்திருந்தால் பிள்ளை அப்போதே இறங்கி வந்திருப்பான்.

அந்தக் கயிறு அய்யாக்கண்ணுவின் கயிறு. நகரசபைப் பியூன் அவர். முப்பது வருஷமாகப் பிரெஞ்சுக் கொடியைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கிய ஆள். கொடிக்கம்பம், கப்பி, கயிறு மூன்றும் அவர் பொறுப்பு. கோதண்டம் அவருடைய ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "வெள்ளைக்காரன் துணிய ஏத்தறதும் ஒரு பொழப்பா?" என்று கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவன், அப்புறம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிச் சாவி கேட்டு அன்று காலை வந்தபோதுகூட வேறு ஆள் மூலமாகத்தான் கேட்டான். அவரும் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாயில்லாத பிள்ளை. துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது அவர் கீழறையில் கொடிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அய்யாக்கண்ணு, கம்பத்திலிருந்து அவிழ்த்த அந்தக் கயிற்றை வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். இராயப்பன் நெகடிவிலிருந்து முதன்முதலாக எடுத்த பெரிய அச்சைச் சுவரில் மாட்டியிருந்தார், கமிட்டி சொன்னதால். பத்திரிகைப் பிரதிகள் அதற்குள் மஞ்சளடித்துக் குரல் கம்மத் தொடங்கியிருந்தன. நெகடிவிலிருந்து அப்புறம் எடுத்த பிரதிகளோ எல்லாப் போட்டோக்களையும்போல ஊமையாகவே பிறந்தன. முழுச் சத்தமும் இருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

"தம்பி, நான் கொஞ்ச நேரம் இங்க குந்திக்கட்டுமா?" என்றார் அய்யாக்கண்ணு.

இராயப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கயிறு நழுவுன சத்தம் இதுக்குள்ள இருக்கும்ல? கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும். கப்பியில நழுவுச்சா, முடிச்சுல நழுவுச்சா, இல்ல நைஞ்சுபோயி வழுக்குச்சா. மூணுத்துக்கும் மூணு சத்தம். கயித்த இஞ்சு இஞ்சாத் தடவிப் பாத்துட்டேன், எங்கயும் ஒரு கொறை தெரியல. எங்க தப்பு பண்ணேன்னாவது தெரியணும் தம்பி."

அந்த நொடியிலேயே இராயப்பன் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, பயம். ஊரே தோளில் தூக்கிக்கொண்டாடுகிற படம், தியாகியின் கடைசிப் படம். அந்த உயிர் போனதே இந்தப் படத்துக்காகத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கூச்சல் அதிகமா இருக்கு, ஒண்ணும் கேக்காதுங்க" என்று மட்டும் சொன்னார்.

கூச்சல் குறைந்துகொண்டே வந்தது. பெரிய குரல்கள்தான் முதலில் போயின. கமிட்டித் தலைவரின் குரல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகு முன்வரிசைக்காரர்கள், பிறகு "வாழ்க" எல்லாமே ஒவ்வொன்றாக, கூட்டம் கலைகிற மாதிரியே கலைந்தன. கலையக் கலைய அடியில் கிடந்த சின்னச் சத்தங்கள் வெளியே வந்தன. "யோவ், கால மிதிக்காத" என்று ஒருவர். புரட்சி நடந்துகொண்டிருக்கும்போதே மூத்த மகளுக்கு வரன் பேசி முடிக்கும் இரண்டு பேர். சுங்கச்சாவடி இனிமேல் இருக்காதே, அங்கே வேலை பார்க்கும் தம்பி என்ன செய்வான் என்று ஒரு பெண். "இனிமே அரிசி வெல கொறையுமா?" என்று ஒரு கிழவர் யாரையோ கேட்கிறார், நாலு தரம் கேட்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. ஜனங்கள் வந்து கேட்டுச் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், அந்தக் கல்யாணம் நிஜமாகவே நடந்தது. அரிசி விலை அப்படியேதான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் கூட்டம் மொத்தமாக, "ஐயையோ, கொடி எறங்குதே! கயிறு நழுவிடுச்சு!" என்று பதறுகிற சத்தம் படத்திலிருந்து கேட்டது. அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். அதுவரை இராயப்பன், பொத்தானை அமுக்கிய ஒரு நொடிதான் படத்துக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தார். கொடி இறங்கிய சத்தம் இருக்கிறதென்றால், அதற்கு முன்னால் காமிராவை மூடியதிலிருந்து அங்கே பேசியதெல்லாம் இருக்கிறது. அவர் கெஞ்சியதும் அடியில் எங்கேயோ இருக்கிறது, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

அன்று மத்தியானம் அவர் மனைவி அருளாயி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அவர் முகத்தைப் பார்த்தே ரோல் வீணானதைச் சொல்லிவிடுகிறவள். இதை அவரே அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"படம் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது அருளு?"

"வாயாலதான். அந்த மனுசன் கயித்தத் தடவித் தடவி வெரலெல்லாம் காச்சுப்போயிக் கெடக்கு. நீங்க டீ வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துல நிக்கறீங்க. எனக்குப் பாக்கவே ஆவல."

அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் படத்தைக் கழற்றி உள்ளறையில் பெட்டிக்கடியில் வைத்துவிட்டு, பூச்சி அரிக்கிறது, பழுது பார்க்கவேண்டும் என்றார். அய்யாக்கண்ணு சரி என்று சொல்லிவிட்டு, வெறும் சுவருக்கு முன்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள், ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கச் சகிக்காமல் இராயப்பனே படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்.

இதற்குள் கமிட்டி கொடிக்கம்பத்தடியில் கல்வெட்டு வைத்துவிட்டது: 'கயிறு நழுவியும் மனம் நழுவாது மீண்டும் கொடியேற்றி உயிர் ஈந்த வீரன் கோதண்டம்.' தலைவரே எழுதிய வாசகம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். தினமும் காலையில் புதுக்கொடியை ஏற்ற, ஏற்றியே ஆகவேண்டும் என்று எல்லாரும் சொன்னதால், அய்யாக்கண்ணு அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய்வந்தார். "வுடுங்கண்ணே, கயிறுதானே, அது என்னா வேணும்னா பண்ணுச்சு?" என்று எதிர்ப்படுகிறவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஊர் அவரைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டிருந்தது. ஒரு மனுஷனைத் தலைநிமிர விடாமல் அடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஐப்பசி மழையில் பத்திரிகைப் பிரதிகள் கூழாகிப் போயின. கார்த்திகையில் ஊர் போட்டோவை மறந்தது. சுதந்திரமும் பழகிப்போய், எல்லாரும் சாக்கடைக்கும் ரேஷன் கார்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். கேட்க வந்தது அய்யாக்கண்ணு ஒருவர்தான். படத்தில் மைதானமே அடங்கிவிட்டது. அடியில் மொட்டைமாடியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. கொடித்துணி படபடக்கிற சத்தம். ஒரு காக்கை. அப்புறம், தை பிறந்து நாலாம் நாள், கிறீச் என்று ஒரு சின்ன ஓசை.

"கப்பி!" என்று அய்யாக்கண்ணு எழுந்துவிட்டார். "என் கப்பி தம்பி. எண்ண போட்டு மூணு நாளு ஆன சத்தம். கேளுங்க, கயிறு ஓடுது பாருங்க, தண்ணியாட்டம் ஓடுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல. நாளைக்கித் தெரிஞ்சிரும்." பல மாதங்களில் முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அன்று இராயப்பன் சாப்பிடவில்லை. காலையில் அவர் வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ததும் மனம் லேசானதுபோல்கூட இருந்தது.

காலையில் கொடியேற்றிவிட்டு, அய்யாக்கண்ணு கயிற்று வளையத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அருளாயி உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இராயப்பன் அவர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்து, "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு" என்று ஆரம்பித்தார். படம் முந்திக்கொண்டது.

"தம்பி, கோச்சுக்காத. ரோல் மாத்திக்கிட்டு இருந்தேன், விட்டுட்டேன். இன்னொரு வாட்டி எறக்கி ஏத்திடுறியா? ஒரே வாட்டிதான்." இராயப்பனின் குரல், சுவரிலிருந்து, தெளிவாக, கெஞ்சலும் அவசரமுமாக.

பிறகு ஒரு சிரிப்பு. அய்யாக்கண்ணுவின் கை கயிற்றில் அப்படியே நின்றுவிட்டது.

"அதுக்கென்னாண்ணே! எங்கப்பா முப்பது வருசமா ஏத்தி எறக்குறாரு. மழையோ வெயிலோ, ஒரு நாளு கொடி தரையில பட்டதில்ல. அவரு புள்ளைக்கு இன்னொரு வாட்டி ஏத்தத் தெரியாதா?"

கப்பி ஓடியது. கயிறு வழுக்காமல், சிக்காமல் மேலே போயிற்று. பிறகு அதே குரல், கொஞ்சம் மூச்சு வாங்க: "போதுமாண்ணே?"

அதோடு சரி. கண்ணாடிக்குப் பின்னால் வெறும் காகிதம் தொங்கியது. தெருவில் போன மாட்டுவண்டிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அப்ப கயிறு நழுவல" என்றார் அய்யாக்கண்ணு.

"இல்லீங்க."

"ஏன் சொல்லல?"

"பயந்துட்டேங்க. இன்னைக்கிச் சொல்லத்தான்..." இராயப்பனுக்கே அது பொய் மாதிரி கேட்டது. நிஜமாகவே சொல்ல வாய் திறந்தவர்தான், ஆனால் இனிமேல் அதை அவரே நம்பமுடியாது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆறு மாசம்" என்றார் அய்யாக்கண்ணு. திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. கயிற்றைச் சீராகச் சுற்றி, நுனியைச் செருகி, தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். இராயப்பன் அழுதார். அருளாயி அவரைத் தேற்றவில்லை.

அன்றைக்கே அவர் கமிட்டி ஆபீசுக்குப் போய், தலைவர் முன்னாலும் அங்கே இருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னாலும் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கல்லால் அடிப்பார்கள், ஸ்டூடியோவைக் கொளுத்துவார்கள், ஊரை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று ஆறு மாதமாகப் பயந்தவர் எதற்கும் தயாராகத்தான் போயிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்னாங்கறீங்க?"

"கல்வெட்ட மாத்தணும். அய்யாக்கண்ணு அண்ணன் மேல தப்பு இல்லன்னு ஊருக்குச் சொல்லணும்."

"அவரு மேல தப்புன்னு இப்ப யாரு சொன்னது? கயித்து மேலதானே சொல்லியிருக்கு? கல்லுல வெட்டுனதுங்க அது. பாடப்புத்தகத்துக்கு அனுப்பியாச்சு. போட்டோக்காரரு கேட்டதுக்காக மறுபடி ஏத்துனான்னு எழுதினா நல்லாவா இருக்கும்? பையனுக்கே மரியாதை இல்ல பாருங்க."

"படமே சொல்லிச்சுங்க."

"இப்பச் சொல்லுதா?"

இரண்டு பேர் ஸ்டூடியோ வரைக்கும் வந்து காதை வைத்துக் கேட்டார்கள். படம் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், மனுஷனுக்கு மனசு சரியில்லை, இளகின மனசு, கூட நின்றிருந்தார் இல்லையா, அதான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. இரண்டு நாளில் அவரையும் அது மன்னித்துவிட்டது. கத்துகிற போட்டோவை எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதோ அவ்வளவு சுலபமாக உண்மையை வேண்டாமென்றது.

மூன்றாம் நாள் காலை அவர் அய்யாக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார், அருளாயியும் கூடப் போனாள். மில்லுக்குப் போகிற ஒற்றைத் தெருவில் ஓட்டு வீடு. கதவு திறந்தே இருந்தது. அய்யாக்கண்ணு வாசலைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. இராயப்பன் நடந்ததைச் சொன்னார்: ஊர் முன்னால் சொல்லிவிட்டேன், யாரும் நம்பவில்லை, கல்லை மாற்றமாட்டேன் என்கிறார்கள்.

"கல்லு இருந்துட்டுப் போவுது" என்றார் அய்யாக்கண்ணு.

அருளாயிக்குத் தாங்கவில்லை. "ஐயா, இவரு பண்ணது பெரிய பாவம். நான் இல்லங்கல. ஆனா உங்க புள்ள உங்களப் பத்தி எம்மாம் பெருமையாப் பேசிச்சு, நானும் கேட்டேனே. ரெண்டு வருசமா உங்ககிட்ட பேசாத புள்ள மனசுல உங்கள எங்க வச்சிருந்துச்சு பாருங்க. அந்த ஒரு வார்த்தையாவது உங்களுக்குக் கெடச்சுதேன்னு..."

"நல்ல வார்த்தைதாம்மா" என்றார் அவர். "ராத்திரியும் பகலும் அதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். இல்லன்னு சொல்லுவனா?" கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எனக்கு வார்த்த வேணாம்மா. எனக்குப் புள்ளதான் வேணும். அவன் எங்கிட்ட பேச வேணாம். என்ன மதிக்கவும் வேணாம். வெள்ளக்காரன் துணிய ஏத்தறவன்னு காறித் துப்பட்டும். வேலைக்கிப் போறப்ப இந்தத் தெருவோட, இந்த வாசலப் பாக்காமயே, மொகத்தத் திருப்பிக்கிட்டு நடந்து போனாப் போதும். ரெண்டு வருசமும் அப்படித்தான் போயிக்கிட்டிருந்தான். தெனமும் இங்க குந்திதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மில்லின் எட்டு மணிச் சங்கு ஊதியது. தெருவில் வேலைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அய்யாக்கண்ணு பேச்சை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் தலையைத் தூக்கினார்.